வீரக்குட்டியின் வாக்கு

1

இந்தக் கதை நானாக யோசித்துத் தொடங்கியதல்ல. கீழ் மாடியில் இருக்கும் துர்க்கா, பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஆய்வின் ஓர் அத்தியாயத்தை எனக்கு வாசிக்கத் தந்தாள். விக்ரோறியா மகாராணியின் கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தல்கள் பற்றியது. ஒரு தமிழ்ப் பிள்ளை எதற்காக இதைப் படிக்கிறது என்று கேட்காத தமிழர் ரொறன்ரோவின் இந்தப் பார்க்டேலில் இல்லை. நானும் கேட்டேன்.

"மற்றது எல்லாத்தையும் வேற ஆக்கள் எடுத்திட்டினம், அன்ரி" என்றாள்.

அதே கிழமை அன்ரனெற் தொலைபேசியில் பிடித்தாள். அவள் ரொறன்ரோவில் ஆண்டுக்கொரு முறை ஒரு மலர் போடுகிறாள். முதல் பாதி நகைக்கடை விளம்பரம், மறுபாதி வீடு விற்பவர்களின் பற்கள், இடையில் இலக்கியம். "இந்த முறை ஜனநாயகம் எண்டு ஒரு தலைப்பு. நீங்கள் ஒரு கதை தாங்கோ. நம்பிக்கை தாறமாதிரி இருக்கவேணும். அரசியல் வேண்டாம்."

ஜனநாயகத்தைப் பற்றி அரசியல் இல்லாத கதை வேண்டுமென்றால் அதை இங்கிலாந்தில், செத்தவர்களை வைத்துத்தான் எழுதவேண்டும். அந்த ஆட்கள் மலருக்குச் சந்தா கட்டியவர்களும் அல்லர், விளம்பரம் தந்தவர்களும் அல்லர். ஆகவே இப்படித் தொடங்கினேன்:

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பீப்பாய்கள் ஏற்றிய வண்டி ஒன்று சந்தை வீதியால் வந்தது. அதன் பின்னால் குதிரையில் வந்த வேட்பாளர் பெருமகன், தன் வாழ்நாளில் கண்டேயிராத ஒரு சப்பாத்துத் தைப்பவனுக்குத் தொப்பியைக் கழற்றி—

இதற்குமேல் போகவில்லை. அந்தச் சப்பாத்துத் தைப்பவனின் வீட்டில் காலைச் சாப்பாடு என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாதவனின் வறுமையை வைத்து மழைத் தூறலோடு ஒரு பக்கம் நிரப்புவது எனக்கும் கை வந்த தொழில்தான். ஆனால் அன்றைக்குக் கதவின் அடியால் ஒரு துண்டுப்பிரசுரம் உள்ளே வந்தது. அதில் வேட்பாளர் சண்முகநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இதைவிட மெத்தையான கதிரை ஒன்று கிடைத்து எழும்பிப் போய்விட்டார். இடைத்தேர்தல்.

(எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று தேடவேண்டாம். கட்சியை மாற்றிப் போட்டாலும் இந்தக் கதையில் ஒரு எழுத்தும் மாறாது.)

2

வாசகருக்குக் கொஞ்சம் சரித்திரம். பயப்படவேண்டாம், சுருக்கமாகத்தான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓர் உறுப்பினருக்கு அமைச்சர் பதவி கிடைத்தால், அவர் தன் ஆசனத்தை விட்டுவிட்டுத் திரும்பவும் ஊரிடம் போய் வாக்குக் கேட்கவேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. பெரும்பாலும் எதிர்த்து ஒருவரும் நிற்கமாட்டார்கள். வேறு சில இடைத்தேர்தல்கள், வென்றவர் வாக்கு வாங்கிய விதம் நீதிமன்றத்தில் நாறிப்போனதால் வந்தவை. ஊருக்குக் குடிக்கக் கொடுப்பது, சாப்பிடக் கொடுப்பது, வாடகை வண்டியில் ஏற்றிப் போவது. 1883இல் இவற்றையெல்லாம் இறுக்க ஒரு சட்டம் போட்டார்கள். வண்டிக்கு வாடகை கொடுப்பதுதான் குற்றம், சிநேகிதர் இரவல் கொடுத்தால் குற்றமில்லை. அதன்பிறகு வேட்பாளர்களுக்கு வண்டி வைத்திருக்கும் சிநேகிதர்கள் திடீரென்று பெருகினார்கள்.

இதை வாசித்துச் சிரித்துக்கொண்டே ஜன்னலால் பார்த்தேன். கீழே சண்முகநாதனின் சிநேகிதர் ஒருவரின் வான் நின்றது. அதிலிருந்து சனத்துக்குத் தின்னக் கொடுக்க இறைச்சி ரோல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தை அங்கேயே விட்டேன்.

3

இனி ஆட்கள்.

வீரக்குட்டி துர்க்காவின் தகப்பன். மட்டக்களப்புப் பக்கம், படுவான்கரை. எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து பார்க்டேலில் இறங்கியவர். மற்றவர்கள் வீடு வாங்கிக் கிழக்கே போனபோது இவர் போகவில்லை. பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கிய காலமெல்லாம் இங்கிருந்துதான் போய்வந்தார். மனைவி இப்போது மூத்த மகளோடு பிறம்ரனிலேயே பேரப்பிள்ளை பார்க்கிறார். பதினோராம் மாடியில் தகப்பனும் இளைய மகளும். அவருடைய வலது முழங்கால் மடங்காது. எங்கள் கட்டடத்து லிப்ற் இரண்டில் ஒன்று எப்போதும் பழுது, மற்றது அடிக்கடி பழுது. சொந்தக்காரக் கம்பனி அதைத் திருத்தாமல், வாசலில் புதுப் பளிங்குக்கல் பதித்துவிட்டு, அதைக் காட்டி எல்லோருக்கும் வாடகையைக் கூட்ட விண்ணப்பித்திருந்தது.

சண்முகநாதன் வீடு விற்பவர். யாழ்ப்பாணம். பஸ் தரிப்பிட வாங்குகளில் விளம்பரமாக ஒட்டிய அவருடைய முகத்தின்மேல் நாங்கள் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறோம். அவரை எழுதுவதில் எனக்கொரு சங்கடம் இருக்கிறது. கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தால் வசதி. ஆனால் வில்லனாக இருப்பதற்கு உழைப்பு வேண்டும், உறுதி வேண்டும், ஒரு கெட்ட காரியத்தை முழுதாக விரும்பவேண்டும். சண்முகநாதன் விரும்பியதெல்லாம் தன் பெயருக்கு முன்னால் "கௌரவ" என்று போடுவது. அதற்கு இடைஞ்சல் இல்லாதவரை அவர் நல்ல மனிதர். செத்தவீடுகளுக்கு முதல் ஆளாக வருவார். என் தாயின் பெட்டிக்கும் தோள் கொடுத்தவர். (இதை எழுதாமல் விட்டால் கதை இன்னும் கூர்மையாக இருக்கும். இருக்கட்டும்.)

கட்சி வேட்பாளரானதும் அவர் வீரக்குட்டியின் வீட்டுக்கு வந்தார். எங்கள் கட்டடத்தில் தமிழ் வாக்குகள் நிறைய, அவர்கள் எல்லோரையும் தெரிந்த ஒரே ஆள் வீரக்குட்டி. அன்று லிப்ற் வேலை செய்தது. சோபாவில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அண்ணை, எங்கட சனத்தில ஒராள் ஒட்டாவாப் பாராளுமன்றத்துக்குப் போகவேணும். உங்களை நம்பித்தான் நிக்கிறன்."

வீரக்குட்டி அடுத்த நாள் லிப்ற்றுக்குள் எனக்கு அதைச் சொன்னார். மூன்று முறை சொன்னார். "நம்மட வீட்டுக்கு வந்து, என்ர சோபாவில குந்தி, அண்ணை எண்டு கூப்பிட்டவர், தங்கச்சி."

நான் உள்ளுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பிறகு கவனிப்போம்.

4

"உங்கட மகள் பிஎச்டி எல்லோ. என்ர ஸ்பீச்சை ஒருக்காப் பார்த்து எழுதித் தருவாவோ?" என்று சண்முகநாதன் கேட்டிருந்தார். தகப்பனுக்காகத் துர்க்கா எழுதினாள். நல்ல உரை. நடுவில் எங்கள் கட்டடம் இருந்தது: லிப்ற், பளிங்குக்கல், வாடகை, பதினோராம் மாடியிலிருந்து படியால் இறங்கும் ஒரு முழங்கால்.

தேவாலய மண்டபத்தில் கூட்டம். முதல் வரிசையில் கட்டடச் சொந்தக்காரக் கம்பனியின் மனிதர் ஒருவர் கால்மேல் கால் போட்டு இருந்தார். சண்முகநாதன் வாசித்தார். நடுப்பகுதி வந்தபோது ஒரு பக்கத்தைப் புரட்டுவதுபோல் இரண்டு பக்கத்தைப் புரட்டினார். முழங்காலும் லிப்ற்றும் போய்விட்டன. மிச்சம் இருந்தவை கனவு, கடின உழைப்பு, கலாசாரம். கைதட்டல். ரோல்ஸ்.

கூட்டம் முடிய துர்க்கா அவரிடம் போனாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"அங்கிள், நீங்க என்ர மெயின் பார்ட்டை விட்டிட்டீங்க."

"பிள்ளை, வாடகை உது மாகாண விசயம். நான் நிக்கிறது மத்திக்கு. பொய் வாக்குறுதி குடுக்கக் கூடாதெல்லே."

"நான் கேட்டது வாக்குறுதி இல்ல. ஒரு சத்தம். அந்த ஆள் முன்னுக்கு இருந்தவர், லிட்றலி முன்னுக்கு. ஒருக்கா அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்."

அவர் முகம் ஒரு கணம் வெட்கப்பட்டது. அதை நான் கண்டேன், சத்தியம். பிறகு யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

அடுத்த கிழமை துர்க்கா சுயேச்சையாக நிற்பதற்கான விண்ணப்பத்தை எடுத்து வந்தாள். நூறு வாக்காளர் கையெழுத்துப் போடவேண்டும். கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் மெசின்களுக்குப் பக்கத்தில் நின்று சேர்த்தாள். திபெத்துக்காரர், பிலிப்பினோக்கள், எங்கள் ஆட்கள். உடுப்பு காயும்வரை எங்கும் ஓட முடியாத சனம். நானும் போட்டேன். கையெழுத்துத்தானே, வாக்கில்லையே என்று பலர் போட்டார்கள்.

தகப்பனிடம் கடைசியாகக் கேட்டாள். அதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அப்பா, ஒரு சைன்."

"ஏலா, மனே. நான் அந்த மனிசனுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"அவர் உங்கட காலைப் பற்றி எழுதினதைத்தான் வெட்டினவர்."

"என்ர காலை ஏன் நீ ஊருக்குக் காட்டின?"

ஒரு நூற்றாண்டுக்கு முந்திய வேட்பாளர்களின் ஊழலெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

5

(அன்ரனெற் இதுவரை வாசித்துவிட்டு எழுதிய குறிப்பு: "நல்லாப் போகுது. ஆனா சண்முகநாதன் அண்ணை எங்களுக்கு முழுப்பக்க விளம்பரம் தாறவர். பெயரை மாத்துவீங்களோ?" பெயர் ஏற்கனவே மாற்றியதுதான், அன்ரனெற். அதுகூட அவருக்குப் பொருந்துகிறது என்றால் நான் என்ன செய்ய?)

சண்முகநாதன் திரும்பவும் வந்தார். இந்த முறை தேத்தண்ணி வேண்டாம் என்றார். "அண்ணை, பிள்ளை வெல்லப்போறேல்லை. எங்கட வாக்கைப் பிரிச்சு மற்றவன் உள்ளுக்கு வந்திடுவான். வாபஸ் வாங்கச் சொல்லுங்கோ. நான் வெண்டால் என்ர ஒஃபிசில அவவுக்கு நல்ல வேலை இருக்கு."

வீரக்குட்டி அதை மகளிடம் அப்படியே சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் மாட்டேன் என்றாள். அவர் அதையும் அப்படியே சண்முகநாதனிடம் சொன்னார். அதன்பிறகு அந்த வீட்டில் கதைப்பது நின்றுவிட்டது. அவர் சமைப்பார், மூடி வைப்பார். அவள் வந்து சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைப்பாள். வீட்டுக் கதவில் அவள் தன் பெயர் போட்ட தாளை ஒட்டினாள். அவர் கழற்றவில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு லிப்ற்றும் நின்றன. நான் உடுப்புக்கூடையோடு படியால் இறங்கினேன். ஏழாம் மாடித் திருப்பத்தில் வீரக்குட்டி படியில் இருந்தார். மடங்காத காலை நீட்டியபடி, மடியில் சண்முகநாதனின் துண்டுப்பிரசுரக் கட்டு.

"அண்ணை, அந்த மனிசன் எங்க?"

"கீழ, காருக்குள்ள. போன் ஒண்டு வந்திட்டு."

"உங்களை ஏறவிட்டிட்டு?"

"அவர் சொல்லல்ல. நான்தான் கேட்டு வாங்கின. இது நம்மட பில்டிங் தானே."

"துர்க்கா இந்த லிப்ற்றுக்காகத்தான் நிக்கிறாள் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன்?"

தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தினார். "தங்கச்சி, நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல. உங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள் எத்தின பேர் என்ர வீட்டுக்குள்ள வந்து குந்தியிரிக்காங்க? மட்டக்களப்பான் எண்டு வாசலோட கதைச்சிட்டுப் போன ஆக்கள்தான் கூட. நீங்க மேல் மாடிதானே. நீங்க ஒரு நாள் வந்திரிக்கீங்களா?"

லிப்ற்றுக்குள் நான் சிரித்த அந்தச் சிரிப்பைக் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

அவர் கம்பியைப் பிடித்து எழும்பினார். "அவர் வோட்டுக்காக வந்த. அது எனக்கு விளங்காம இல்ல. வந்த தானே?"

இங்கே எனக்கொரு வாய்ப்பு இருக்கிறது. இப்படி எழுதலாம்: அவர் ஒவ்வொரு கதவின் கீழும் சண்முகநாதனின் தாளுக்குள் மகளின் தாளையும் மறைத்து வைத்து, யாரும் காணாமல், கண்கள் கலங்க—

வேண்டாம். இப்படி எழுதினால் மலரில் முதல் பக்கம் கிடைக்கும், ஏதாவது போட்டியில் பரிசும் விழும். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. வாக்குக் கொடுத்தவர். ஒரு கதவு தவறாமல் சண்முகநாதனின் தாளைப் போட்டார். தன் வீட்டுக் கதவுக்கும் வந்தார். மகளின் பெயர் ஒட்டியிருந்த அந்தக் கதவின் அடியாலும் ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போனார்.

6

தேர்தல் நாள் திங்கட்கிழமை. பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்குச்சாவடி. சிநேகிதரின் வான் கட்டட வாசலுக்கு வந்து வயதானவர்களை ஏற்றியது. வீரக்குட்டி முன் ஆசனத்தில், மடியில் பெயர்ப்பட்டியலோடு. துர்க்கா நடந்து வந்தாள். நானும் அவளோடு நடந்தேன். வழியில் ஒரு மரத்தின் கீழ் நின்று, "திரும்பிப் போவமா, அன்ரி?" என்றாள். இதற்கு முதல் அவள் பயந்து நான் காணவில்லை.

எப்படியோ வரிசையில் வீரக்குட்டிக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் நான். தகப்பனின் கழுத்துப் பட்டி மடிந்திருந்தது. அவள் கை அதை நோக்கிப் போய்த் திரும்பி வந்தது.

முன்னால் நின்ற ஒரு மூதாட்டி அவரைப் பார்த்து, "தம்பி, எந்தக் கோட்டில போடுறது?" என்று தமிழில் கேட்டார். வானில் வந்தவர். வீரக்குட்டியின் முழுப்பிரசாரமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நடந்தது. அவர் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு மூதாட்டியிடம் சொன்னார்: "இதுக்குள்ள நான் சொல்லக்கூடாது, அக்கா. நீங்க விரும்பின ஆளுக்குப் போடுங்க."

அவ்வளவுதான். நான் கூட்டிச் சொல்லவில்லை.

அவருடைய முறை வந்தது. மடித்த வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். நெடுநேரம் நின்றார். மேசையில் இருந்த அலுவலர் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மறைப்பின் கீழே ஒரு சாதாரணக் காலும் ஒரு விறைத்த காலும். துர்க்கா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து சீட்டைப் பெட்டிக்குள் போட்டார். எங்களைக் கடக்கும்போது, பல கிழமைக்குப் பிறகு மகளோடு முதன்முதலாகப் பேசினார்.

"பென்சில் மொட்டை" என்றார்.

7

சண்முகநாதன் வென்றார், சுகமாக. வாக்குப் பிரியும் என்று அவர் பயந்ததெல்லாம் வீண். துர்க்கா எங்கள் கட்டடத்தில் வாங்கிய வாக்குகள் ஒரு மனிதனின் கைவிரல்களுக்குள் அடங்காது. அதைத் தாண்டி அதிகம் இல்லை. அதாவது தகப்பனின் வாக்கு அதற்குள் இருக்கவும் இடம் இருக்கிறது, இல்லாமல் இருக்கவும் இடம் இருக்கிறது.

பின்னால் ஒருமுறை லிப்ற் பழுதானபோது வீரக்குட்டி புது உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். எடுத்த பெண் நல்ல மரியாதையாகப் பேசினாளாம். மாகாண விசயம் என்றாளாம். பிறகு பெயரைக் கேட்டாளாம்.

"சொன்னன். ஸ்பெல் பண்ணச் சொன்னா" என்றார் என்னிடம். அவருடைய சோபாவில் இருந்துதான் இதைக் கேட்டேன். துர்க்கா எதிர்ப்பக்கம் இருந்து, "வீ, டபிள் ஈ..." என்று தொடங்கினாள். அவர் சிரித்தார். அவளும். தகப்பனும் மகளும் கதைக்கத் தொடங்கி அப்போது கொஞ்ச நாள் ஆகியிருந்தது.

8

இனி முடிவு. அன்ரனெற்றுக்கு முடிவு அவசரமாக வேண்டும்.

முதலாவது முடிவு, அவளுடையது: "அவர் மகளுக்குத்தான் போட்டவர் எண்டு எழுதுங்கோ. சனம் அழும்." அழும். அழுதுவிட்டு அடுத்த பக்கத்தில் நகை பார்க்கும்.

இரண்டாவது: சொன்ன சொல் தவறாமல் சண்முகநாதனுக்கே போட்டார். இது மானஸ்தர் கதை. எங்கள் ஆட்களுக்கு மானம் மிகவும் பிடிக்கும், அடுத்தவருடையதாக இருக்கும்வரை.

மூன்றாவது: இரண்டு பெயருக்கும் நேரே புள்ளடி போட்டுச் சீட்டைப் பழுதாக்கினார். இது என் போன்றவர்கள் எழுதும் முடிவு. புத்திசாலித்தனமாக இருக்கும், ஒருவருக்கும் நோகாது.

எது உண்மை என்று துர்க்காவிடம் கேட்டேன்.

"நான் கேக்கேல்லை, அன்ரி."

"ஏன்?"

"கேட்டா அவர் சொல்லிப்போடுவார். அதான்."

அவளுடைய ஆய்வில் எனக்கு மறக்காத ஒரு பகுதி இருக்கிறது. 1872 வரைக்கும் இங்கிலாந்தில் வாக்காளன் ஊருக்கு முன்னால் நின்று, தான் ஆதரிக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதை ஒருவர் எழுதிக்கொள்வார். கூட்டத்தில் காது கொடுத்து நிற்பவர்களில் அவனுடைய நிலத்துச் சொந்தக்காரனின் ஆளும் இருப்பான். பிழையான பெயரைச் சொன்ன குடியானவன், அடுத்த தவணைக்குள் வண்டியில் சட்டிபானை ஏற்றவேண்டி வரலாம். அதனால்தான் மறைப்பு வந்தது. மகாராணியின் காலத்தில் வந்தவற்றுள் நான் மரியாதை வைத்திருக்கும் ஒரே சாமான் அந்த மறைப்பு.

நான் கதாசிரியர். நினைத்தால் அதற்குப் பின்னால் போகலாம். அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அந்த மொட்டைப் பென்சில் எந்தப் பெயருக்கு நேரே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று உங்களுக்கு ஒரு பக்கம் எழுதலாம். போகமாட்டேன்.

நீங்கள் விரும்பினால் போங்கள். மூன்று முடிவும் மேலே இருக்கின்றன, உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போவதற்கு முதல் ஒன்றை யோசியுங்கள். ஒரு மனிதன் யாருக்கு வாக்குப் போட்டான் என்று அறிந்தே ஆகவேண்டும் என்று அந்தக் காலத்தில் துடித்தவன், வாசகன் அல்ல. வீட்டுச் சொந்தக்காரன்.